சுளுக்கிய கணுக்காலும் சைக்கிள் நெடும்பயணமும்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சென்னையிலிருந்து விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரி வரையுள்ள சுமார் 700 கிலோமீட்டரை ஏழு நாளில் சைக்கிளில் கடப்பதென்று முடிவுசெய்து, புறப்பட ஆறு வாரம் இருக்கையில், பேருந்திலிருந்து இறங்கும்போது நடைபாதையின் உடைந்த விளிம்பில் என் இடது கால் பிசகியது. பாதம் உட்புறமாக மடங்க, உடலின் எடை முழுவதும் கணுக்காலின் வெளிப்புறத்தில் இறங்கியது. பத்து நிமிடத்தில் வெளிக்கணு எலும்பின் முன்னால் கோழிமுட்டை அளவுக்கு வீங்கிவிட்டது. அடுத்த ஆறு வாரத்தில் எந்த அறிகுறிக்கு எதைச் செய்ய வேண்டியிருந்தது, எதைச் செய்யாமல் இருந்திருக்கலாம் என்பதைக் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன். நான் மருத்துவன் அல்ல. இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் மூன்று முறை காட்டி, அவர் சொன்னதைச் சைக்கிளுக்குப் பொருத்திப் பார்த்தவன்.

கணுக்கால் சுளுக்குகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவையே. வெளிக்கணுவின் முன்பகுதியில் கால் எலும்பையும் பாத எலும்பையும் பிணைத்திருக்கும் தசைநார் இழுபடுகிறது அல்லது கிழிகிறது. இலேசாக இழுபட்டிருந்தால் இரண்டு மூன்று வாரத்திலும், பாதி கிழிந்திருந்தால் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்திலும் அன்றாட நடமாட்டம் திரும்பிவிடும். முழுவதும் அறுந்திருந்தால் மாதக்கணக்கில் ஆகும். எந்த நிலையாயினும் புதிதாக உருவாகும் நார் உறுதிப்படப் பல மாதங்கள் பிடிக்கும் என்பதால், வலி நின்றுவிட்டதை மட்டும் வைத்துப் புறப்படும் நாளைக் குறிக்கக் கூடாது. எவ்வளவு வலிக்கிறது என்பதைவிட எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்ற இரண்டையும் கவனித்தால், அடுத்து என்ன செய்வது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

அறிகுறி: கால் ஊன்ற முடியவில்லை, அல்லது எலும்பின் மேல் அழுத்தினால் வலிக்கிறது

முதலில் தீர்க்க வேண்டிய ஐயம், இது சுளுக்கா, எலும்பு முறிவா என்பதுதான். கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட விதிகளை உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் இன்றும் பின்பற்றுகிறார்கள். அடிபட்ட உடனேயும் பிறகு மருத்துவரிடம் காட்டும்போதும், நொண்டியாவது நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நடக்க முடிந்தாலும், உட்கணு, வெளிக்கணு ஆகிய இரண்டு எலும்பு முண்டுகளின் நுனியிலோ, அவற்றின் பின்விளிம்பில் 6 சென்டிமீட்டர் உயரத்துக்குள்ளோ விரலால் அழுத்தும்போது எலும்பிலேயே வலி தெரிந்தாலும் எடுக்க வேண்டும். பாதத்தில் இன்னும் இரண்டு இடங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சுண்டுவிரலிலிருந்து பாதத்தின் வெளிவிளிம்பைத் தடவிக்கொண்டே குதிகாலை நோக்கி வந்தால் பாதி வழியில் ஒரு மேடு தட்டுப்படும், அது ஓரிடம். உட்கணுவுக்குச் சற்று முன்னாலும் கீழேயும் பாதத்தின் உட்பக்கத்தில் துருத்தும் எலும்பு மற்றொன்று. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்தச் சோதனையை நம்பியிருக்காமல் நேரே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இந்த இடங்களில் வலியில்லாமல், அவற்றுக்கு முன்னாலோ கீழேயோ உள்ள மெத்தென்ற பகுதியில்தான் வலி என்றால், முறிவாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. எனக்கு அப்படித்தான் இருந்தது. இருந்தும் பதற்றத்தில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. தசைநார்க் கிழிசல் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால் 'ஒன்றும் இல்லை' என்ற சொல்லைக் கேட்டு மறுநாளே சைக்கிளில் ஏறிவிடக் கூடாது.

அறிகுறி: வீக்கம் வற்றவில்லை, நீலம் பாரித்துக் கீழே இறங்குகிறது

மூன்றாம் நாள் குதிகால் ஓரத்திலும் விரல்களின் அடியிலும் கருநீலம் படர்ந்தால் அஞ்ச வேண்டியதில்லை. மேலே கசிந்த இரத்தம் புவியீர்ப்பால் கீழே இறங்கித் தேங்குகிறது, அவ்வளவுதான். முதல் இரண்டு மூன்று நாள் காலை இதயத்தைவிட உயரமாக, இரண்டு தலையணைகளின் மேல் வைத்துப் படுப்பதும், கிரேப் பேண்டேஜை விரல்களின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுவதும் பயன் தரும். கணுக்காலில் மட்டும் இறுக்கிச் சுற்றினால் வீக்கம் பாதத்துக்கு இறங்கிவிடும். விரல்கள் வெளுத்தாலோ மரத்தாலோ கட்டு இறுக்கம் என்று பொருள்.

பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஒருமுறைக்கு 15 நிமிடம் வைத்தால் வலி குறையும். ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயரம் என்ற நான்கையும் 1978இல் ஒரு சூத்திரமாகத் தந்த அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, பிற்காலத்தில், பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். எனவே வலிக்காக மட்டும் பனிக்கட்டியை வைத்துக்கொண்டு, வலி அனுமதிக்கும் அளவுக்குக் காலை அசைத்துக்கொண்டே இருப்பதுதான் இன்றைய வழக்கம். எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் பயிற்சி, காலை நீட்டி உட்கார்ந்து பெருவிரலால் காற்றில் எழுத்துகள் எழுதுவது. 'அ' முதல் 'ஔ' வரை ஒரு சுற்று எழுதினால் கணுக்கால் எல்லாத் திசையிலும் சுழன்றுவிடுகிறது. 'இ'யின் சுழியில் வலது பக்கம் திரும்பும்போது எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக்கு எந்த நாளில் மறைகிறது என்று பார்ப்பதே முதல் வாரத்தின் அளவுகோலாக இருந்தது.

வீட்டுப் பெரியவர்கள் புளியும் உப்பும் கொதிக்கவைத்துப் பற்றுப் போடச் சொல்வார்கள். பற்று, தோலைப் பொசுக்காத சூட்டில் இருந்தால், பெரிய தீங்கு செய்யாது. சுளுக்கு வழித்துவிடுவதும், காலால் பிறந்தவரைக் கொண்டு மிதிக்கச் சொல்வதும் அப்படியல்ல. முதுகில் பிடித்துக்கொண்ட தசைக்கு அது இதமாக இருந்திருக்கலாம். கிழிந்த நாரை முதல் சில நாளில் அழுத்தி உருவினால் கசிவு கூடும், முறிவு இருந்தால் எலும்பு விலகும். கட்டுப்போடுபவரிடம் செல்வதென்றாலும் எக்ஸ்ரே எடுத்த பிறகே செல்ல வேண்டும்.

கணுக்காலில் இல்லாமல் கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சூடாக இருந்து, அழுத்தினால் வலித்தால், அது சுளுக்கின் வீக்கம் அல்லாமல் இரத்தக் குழாய்க்குள் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அதிலும் காலைக் கட்டிப்போட்டுப் படுத்திருந்தவர்கள் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

அறிகுறி: வலி கணுவுக்கு மேலே, இரண்டு கால் எலும்புகளுக்கும் நடுவே இருக்கிறது

கெண்டைக்காலின் நடுவில் இரு பக்கமும் கையால் சேர்த்து அழுத்தும்போது கணுக்காலுக்குச் சற்று மேலே வலித்தாலோ, பாதத்தை வெளிப்புறமாகத் திருப்பும்போது அங்கே வலித்தாலோ, இரண்டு எலும்புகளையும் பிணைக்கும் நார் அடிபட்டிருக்கலாம். வீக்கம் குறைவாக இருப்பதால் இது பலரை ஏமாற்றும். சாதாரணச் சுளுக்கைவிடக் குணமாக அதிகக் காலம் எடுக்கும். சிலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும். எலும்பு மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை பயணத் தேதியைத் தள்ளிவைப்பது ஒன்றே வழி.

அறிகுறி: வலி குறைந்தது, ஆனால் கணுக்கால் மடங்க மறுக்கிறது

இதைச் சுவரோரம் நின்று அளக்கலாம். பாதத்தைச் சுவரை நோக்கி நேராக வைத்து, குதிகால் தரையிலிருந்து எழாமல், முழங்கால் சுவரைத் தொடும்வரை முன்னே சாய வேண்டும். தொட முடிகிற கடைசி நிலையில் பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளக்க வேண்டும். இரண்டாம் வாரத்தில் என் நல்ல காலுக்கு 11 சென்டிமீட்டரும் அடிபட்ட காலுக்கு 5 சென்டிமீட்டரும் வந்தன. வேறுபாடு 2 சென்டிமீட்டருக்குள் வரும்வரை, இதே நிலையில் சாய்ந்து சாய்ந்து மீள்வதை நாளுக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்துப் பதினைந்து முறை செய்தேன். கெண்டைக்கால் இழுபடுவது சரி. கணுக்காலின் முன்பக்கத்தில் எதுவோ நடுவில் சிக்கியதுபோல் கிள்ளினால் நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சைக்கிள் மிதிக்க இவ்வளவு மடக்கம் தேவையில்லையே என்று தோன்றும். பெடலுக்குத் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்குகளிலும் சிற்றுணவகங்களிலும் பெரும்பாலும் குந்தி உட்காரும் கழிப்பறையே இருக்கும். குதிகாலைத் தூக்கிக்கொண்டு, ஈரத் தரையில், ஒரு காலில் பாரத்தைப் போட்டு எழுந்திருக்கும் அந்த நொடியை வெளிநாட்டுப் பயிற்சி அட்டவணைகள் எதுவும் கணக்கில் எடுப்பதில்லை. சுவரைப் பிடிக்காமல் குந்தி எழ முடியாதவர் ஏழு நாள் பயணத்துக்குத் தயாராகவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அறிகுறி: மிதிக்கும்போது வலிக்கிறது

பாரம் முழுவதையும் கால் தாங்க வேண்டியதில்லை என்பதால், நொண்டாமல் நடக்கத் தொடங்கியவுடனேயே, நிலையாகப் பொருத்திய சைக்கிளில் 10 நிமிடம் இலகுவான கியரில் மிதித்துப் பார்க்கலாம். அப்போது வலி வந்தால் அதன் இடத்தைப் பொறுத்துச் சைக்கிளைத் திருத்த வேண்டும்.

வெளிக்கணுவின் முன்னால், பெடல் கீழே போய்ச் சேரும்போது வலித்தால், முதலில் சீட் உயரத்தைச் சந்தேகிக்க வேண்டும். சீட் உயரமாக இருந்தால் பெடலை எட்டுவதற்காக நுனிக்கால் கீழ்நோக்கி நீள்கிறது. அடிபட்ட நார் அதிகமாக இறுகுவது அந்த நிலையில்தான். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலின் மேல் வைத்து அது அடியில் இருக்கும்போது முழங்கால் நேராகி, இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் இருந்தால் உயரம் ஏறக்குறையச் சரி. அதற்கும் மேல் இருந்தால் ஒருமுறைக்கு 5 மில்லிமீட்டர் என்ற கணக்கில் இறக்கிப் பார்க்க வேண்டும். என் சைக்கிளில் 8 மில்லிமீட்டர் இறக்கியதும் அந்த வலி பெருமளவு நின்றது. அளவுக்கு மீறி இறக்கினால் பெடல் மேலே வரும்போது கணுக்காலின் முன்பக்கம் கிள்ளும், முழங்காலும் முனகும் என்பதால் பழைய உயரத்தைச் சீட் கம்பியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்வது நல்லது.

குதிகாலுக்கு மேலே, பின்பக்க நாணில் வலித்தால் பாதம் பெடலில் நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். நுனிக்கால் மட்டும் பெடலில் பதிந்தால் ஒவ்வொரு மிதியையும் கெண்டைக்கால் தசை தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். பாதத்தைச் சில மில்லிமீட்டர் முன்னே தள்ளி, பெடலின் அச்சு பாதத்தின் நடுப்பகுதியை நோக்கி வருமாறு வைத்தால் அந்தச் சுமை குறையும். ஷூவின் அடியில் பொருத்திப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட்டைப் பயன்படுத்துவோர் அதையே குதிகால் பக்கமாக நகர்த்திக்கொள்ளலாம். கனமான கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிப்பவர், கியரைக் குறைத்து 80 முதல் 90 சுற்றுக்கு மாறுவதும் உதவும்.

வெளிக்கணுவின் பின்னால் வலியும், கயிறு நழுவுவதுபோன்ற ஒரு சொடக்கும் சேர்ந்து வந்தால் அது சைக்கிளில் சரியாகும் கோளாறு அல்ல. அங்கே ஓடும் தசைநாண் தன் இடத்திலிருந்து விலகுகிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். பாதத்தின் மேற்புறம் மரத்துப்போவதற்கு, பெரும்பாலும், வீக்கத்துக்கு மேல் இறுகிய ஷூ நாடாதான் காரணம்.

அறிகுறி: மிதிக்க வலியில்லை, இறங்கி நின்றால் கணுக்கால் ஆடுகிறது

இந்தப் பகுதியைத்தான் நான் முதலில் எழுத நினைத்தேன். நான்காம் வாரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 40 கிலோமீட்டர் வலியில்லாமல் ஓட்டிவிட்டு, இளநீர்க் கடையில் நிறுத்திய இடத்தில் இடது கால் மீண்டும் பிசகியது. தாரின் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே நான்கு விரல் அளவு பள்ளம் இருந்தது. ஊன்றிய பாதத்தில் பாதி தாரிலும் பாதி காற்றிலும் நின்றது. சைக்கிளோட்டத்தில் பெடல் பாதத்தை ஒரே தளத்தில் தாங்கிக்கொண்டிருக்கிறது. கணுக்காலுக்கு ஆபத்து வருவது வண்டி நிற்கும் கணத்தில்தான். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் ஊன்றும் கால் பெரும்பாலும் இடது கால், அது ஊன்றும் இடமோ சாலையிலேயே மிக மோசமான விளிம்பு. 100 கிலோமீட்டர் கொண்ட ஒரு நாளில் தேநீர், தண்ணீர், சிக்னல், வழி விசாரிப்பு என்று முப்பது நாற்பது முறையாவது கால் ஊன்ற வேண்டிவருகிறது.

நார் இழுபடும்போது வலி உண்டாவதோடு, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மங்கிவிடுகிறது. வலி போன பிறகும் இந்த மந்தம் நீடிப்பதால்தான் ஒருமுறை சுளுக்கிய கால் மறுபடி மறுபடி சுளுக்குகிறது. இதைச் சோதிக்க, வெறுங்காலுடன் அடிபட்ட காலில் மட்டும் 30 நொடி நின்று பார்க்க வேண்டும்; பிறகு அதையே கண்ணை மூடிக்கொண்டு, கதவருகே, பிடிமானம் எட்டும் இடத்தில் செய்ய வேண்டும். கண்ணை மூடியதும் நான் 6 நொடியில் சரிந்தேன். நல்ல காலில் 25 நொடி தாங்கியது.

பயிற்சி எளியது, ஆனால் தவறாமல் செய்ய வேண்டியது. பல் துலக்கும்போது ஒரு காலில் நிற்பது முதல் படி. அடுத்த வாரம் மடித்த போர்வையின் மேல் நிற்பது. அதற்கடுத்து, நின்றபடியே ஒரு பந்தைச் சுவரில் எறிந்து பிடிப்பது. இதனுடன் படியின் விளிம்பில் நின்று ஒற்றைக் குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியையும் சேர்த்து, நல்ல காலுக்கு ஈடாக, இருபது இருபத்தைந்து முறை செய்ய முடிகிற நிலைக்கு வர வேண்டும். நாடாவோ பட்டையோ கொண்டு கட்டும் ஆங்கிள் பிரேஸ் அணிந்தால் மறுசுளுக்கு குறைகிறது என்பது ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. மெல்லிய எலாஸ்டிக் உறை அந்த அளவுக்குப் பிடிப்புத் தராது. பிரேஸுக்கு இடம் தரும் ஷூவைப் பயணத்துக்கு முன்பே ஓட்டிப் பழகிக்கொள்ள வேண்டும்.

நிறுத்தும் முறையையும் நான் மாற்றிக்கொண்டேன். தார் விளிம்பில் நிறுத்துவதே இல்லை. ஒன்று, முழுவதும் தாருக்கு உள்ளே, வெள்ளைக் கோட்டுக்கு இடப்புறம் சமதளம் உள்ள இடத்தில் நிறுத்துகிறேன், அல்லது சைக்கிள் மண்ணில் முழுவதும் இறங்கிய பிறகு நிறுத்துகிறேன். வலது காலை ஊன்றலாமே என்று கேட்கலாம். வண்டி போக்குவரத்தை நோக்கிச் சாயும் என்பதால் சாலையை விட்டு விலகி நின்ற பிறகே அதைச் செய்கிறேன். கிளீட்டைக் கழற்றக் குதிகாலை வெளிப்புறம் திருக வேண்டும். அந்தத் திருகலே அடிபட்ட நாரை இழுக்கிறது. ஆகவே பெடலின் இறுக்கத் திருகைத் தளர்த்திவைக்க வேண்டும், அல்லது இந்த ஒரு பயணத்துக்குத் தட்டையான பெடலுக்கு மாற வேண்டும். நான் மாறினேன். வேகத்தில் என்ன இழந்தேன் என்று கணக்குப் பார்க்கவில்லை.

அறிகுறி: ஓட்டும்போது சரியாக இருந்து, மறுநாள் வலி திரும்புகிறது

ஓட்டும்போது உள்ள வலி பத்துக்கு இரண்டு மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலை பழைய நிலைக்குத் திரும்பினால் அந்தத் தூரம் காலுக்கு ஏற்றது. மறுநாள் காலை படுக்கையிலிருந்து வைக்கும் முதல் அடியில் முந்தைய நாளைவிட அதிக வலியோ வீக்கமோ இருந்தால் தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, ஒரு நாள் இடைவெளி விட்டுத் தொடர வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் ஒரே மூச்சாக 90 கிலோமீட்டர் ஓட்டுவது நெடும்பயணத்துக்கான சோதனை ஆகாது. அடுத்தடுத்து இரண்டு நாள், நாளுக்கு 60 அல்லது 70 கிலோமீட்டர், பயணத்தில் ஏற்றிச் செல்லும் பையோடு ஓட்டி, மூன்றாம் நாள் காலை படியிறங்கிப் பார்ப்பதுதான் சோதனை. புறப்பட ஒரு வாரம் இருக்கையிலும் அதில் தேறவில்லை என்றால், தேதியை மாற்றலாம் அல்லது ஏழு நாளைப் பத்து நாளாக்கலாம். நான் ஒன்பது நாளாக்கினேன்.

அறிகுறி: வழியில், மாலையில் வீங்குகிறது

நாள் முழுவதும் கால் தொங்கியபடி வெயிலில் ஓட்டினால் அடிபட்ட கணுக்கால் மாலையில் சற்று வீங்குவது இயல்பு. தங்கும் அறையில் சுவரில் காலைச் சாய்த்து 20 நிமிடம் படுத்தால் வற்றிவிட வேண்டும். வலிக்கு டைக்ளோஃபினாக் ஜெல்லைத் தடவலாம். உடலில் நீர் வற்றியிருக்கும் நாளில் இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை விழுங்கினால் சிறுநீரகத்துக்குக் கேடு நேரக்கூடும். காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு புறப்படுவது அதைவிடத் தவறு, ஏனெனில் நிறுத்தச் சொல்லும் வலியையே அது மறைத்துவிடுகிறது.

வழியில் மீண்டும் பிசகினால் ஷூவை உடனே கழற்றாமல் மேலே சொன்ன நான்கு அடி சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். நடக்க முடியவில்லை என்றால் அன்றோடு ஓட்டம் முடிந்தது. விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி ஆகிய எல்லா ஊர்களிலும் ரயில் நிலையம் உண்டு. சைக்கிளைப் பார்சலாகப் பதிவுசெய்து சரக்குப் பெட்டியில் அனுப்பிவிட்டு நாம் இருக்கையில் ஊர் திரும்பலாம். பதிவுக்கு அடையாள அட்டை நகல் கேட்பார்கள், டயர் காற்றைச் சற்று இறக்கிவைக்க வேண்டும், வண்டி புறப்பட இரண்டு மணி நேரமாவது முன்னதாகப் பார்சல் அலுவலகத்துக்குப் போய்விடுவது நல்லது.